ஒரே பக்கம் அடைக்கும் மூக்கு

மூக்கடைப்புக்காகப் பெரட்டுக்கு வராமல் நின்றவர்கள் நம் தோட்டங்களில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். காய்ச்சல் என்றால் கிளினிக்குக்குப் போவோம். செம்பனை முள் குத்திப் புண்ணானால் போவோம். மூக்கு என்றால் மட்டும், "சளிதானே, ரெண்டு நாள்ல போயிடும்" என்று கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டு விடுவோம். பெரும்பாலும் அது சரியாகவே முடிகிறது. சளி தானாக வந்து தானாகப் போகும் வியாதி. ஆனால் போகாத சளி என்று ஒன்று இருக்கிறது. மாதக்கணக்கில் ஒரு பக்கத்து மூக்கு மட்டும் அடைத்திருக்கும். கைக்குட்டையில் அவ்வப்போது சிவப்பாக ஏதோ தெரியும். மேல் பல் ஒன்று காரணமில்லாமல் ஆடும். இதையும் சளிக் கணக்கில் எழுதிவிட்டு ஆறு மாதத்தை ஒரு வருஷமாக்கி விடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு வருஷத்தில்தான் காரியம் கெட்டுப் போகிறது.

ஆகவே தோழர்களே, மூக்கு, அதைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகள், தாடை ஆகியவற்றில் வரும் வியாதிகளையும் கட்டிகளையும் பற்றி இந்த முறை கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். படிக்கும்போது இரண்டு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொந்தரவு இரண்டு பக்கமுமா, ஒரே பக்கமா? எத்தனை வாரமாக? டாக்டரும் இவற்றைத்தான் முதலில் கேட்பார்.

கன்னத்துக்குள் ஓர் அறை

நம் முக எலும்பு முழுக்கக் கெட்டியானது அல்ல. நெற்றியில், கண்களுக்கு நடுவில், மூக்குக்குப் பின்னால் ஆழத்தில், கன்னத்தில் என்று பக்கத்துக்கு நாலு இடங்களில் காற்று நிறைந்த அறைகள் இருக்கின்றன. இவற்றுக்குத்தான் சைனஸ் என்று பெயர். "எனக்குச் சைனஸ் இருக்கு" என்று வியாதியின் பெயர் போலச் சொல்கிறோம். சைனஸ் எல்லாருக்கும் இருக்கிறது. அது வீங்கிச் சீழ் பிடித்தால்தான் வியாதி. நம் பெரியவர்கள் பீனிசம் என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான்.

இவற்றில் பெரியது கன்னத்து அறை. அதன் வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஓட்டை போடாமல் மேல் விளிம்பில் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. உள்ளே ஊறும் சளியைக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ரோமங்கள் மேல்நோக்கித் தள்ளி வெளியே விடுகின்றன. சளி பிடித்தால் அந்தச் சின்ன வாசல் வீங்கி மூடிக்கொள்ளும். சிகரெட் புகை அந்த ரோமங்களை முடக்கிப் போடும். சளி உள்ளேயே தேங்கும், கிருமி பெருகும். குனிந்தால் கன்னம் கனக்கும், மேல் பல்வரிசை வலிக்கும், மஞ்சளாகவோ பச்சையாகவோ சளி வரும், வாசனை தெரியாமல் போகும்.

இப்படி வந்தவுடனே ஆன்டிபயாடிக் கேட்டு டாக்டரிடம் சண்டை போடுகிறவர்கள் உண்டு. சண்டை வேண்டாம். ஆரம்பத்தில் இது பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பத்து நாளாகியும் குறையவில்லை, அல்லது குறைந்து வந்தது திரும்பவும் காய்ச்சலோடு ஏறுகிறது என்றால் அப்போது அந்த மருந்து தேவைப்படலாம். பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ். அதற்குக் காது, மூக்கு, தொண்டை டாக்டர் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியதில் நல்லது உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஒரு கப், அதில் அரைத் தேக்கரண்டிக்கு மேற்படாமல் உப்பு. குழாய்த் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் அப்படியே மூக்கில் விடக்கூடாது. நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், அதைத் தடுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் மடிக்குப் பக்கத்தில் கொதிக்கிற சட்டியை வைக்காதீர்கள். மூக்கடைப்பு பிள்ளையைக் கொல்லாது, கொதிநீர் கொன்றுவிடும். கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விடவும் கூடாது. விட்டால் மருந்து போட்டால்தான் மூக்கு திறக்கும் என்ற நிலைமைக்கு வந்துவிடும். பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம்.

காலையில் எழுந்தவுடன் பத்து இருபது தும்மல், தண்ணீராய் ஒழுகும் மூக்கு, கண்ணில் அரிப்பு என்றால் அது ஒவ்வாமை. நம் நாட்டில் இதற்கு முக்கியக் காரணம் மெத்தை தலையணையில் வாழும் தூசிப் பூச்சி. செம்பனைப் பூந்தூளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தலையணை உறைகளை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். டாக்டர் கொடுக்கும் மூக்கு ஸ்பிரேயை ஒரு நாள் அடித்துவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று தூக்கிப் போடாதீர்கள். அது தினமும் அடித்து இரண்டொரு வாரம் கழித்துத்தான் முழுப் பலன் தரும்.

பல்லால் வரும் சைனஸ்

கன்னத்து அறையின் தரைக்கு நேர் கீழே மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் இருக்கின்றன. சிலருக்கு இரண்டுக்கும் நடுவில் எலும்பு காகிதம் போல்தான் இருக்கும். பல் சொத்தையாகி வேரில் சீழ் வைத்தால் அது மேலே உடைத்துக்கொண்டு சைனஸுக்குள் போய்விடும். அப்போது ஒரே பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வரும். எத்தனை மருந்து சாப்பிட்டாலும் திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் வேர்க் காரணம் பல்லில் இருக்கிறது. பல்லைப் பார்த்தால்தான் மூக்கு ஆறும்.

இன்னொன்றும் நடக்கும். மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகு சிலருக்கு அந்த இடத்தில் ஓட்டை மூடாமல் நின்றுவிடும். தேத்தண்ணி குடித்தால் மூக்கு வழியாக வரும்! பயப்பட வேண்டாம், அதே நேரத்தில் விட்டுவிடவும் வேண்டாம். பல் டாக்டரிடம் திரும்பப் போய்ச் சொன்னால் தையல் போட்டு மூடுவார்கள்.

சைனஸில் அவசரமானவை சில உண்டு. கண்ணைச் சுற்றி வீங்கி, பார்வை இரண்டாகத் தெரிந்தால், அல்லது கடுமையான தலைவலியோடு கழுத்து விறைத்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் சமூகத்தில் அந்த வியாதி அதிகம் என்பது தெரிந்ததே. சர்க்கரை கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு ஒரு வகைப் பூஞ்சை சைனஸில் புகுந்து, கன்னம் மரத்து, மூக்கிலோ மேல் அண்ணத்திலோ கறுப்பாகப் பொருக்குத் தட்டும். 2021இல் இந்தியாவில் கொரோனாவுக்குப் பின் பலரின் கண்ணையும் உயிரையும் வாங்கிய கறுப்புப் பூஞ்சை இதுதான். இதில் ஒரு நாள் தாமதமும் பெரிய தாமதம்.

மூக்கில் வளரும் சதை

மூக்கில் சதை வளர்வது பலருக்கு உண்டு. டாக்டர்கள் பாலிப் என்பார்கள். தோல் உரித்த திராட்சைப் பழம் போல் வெளுத்து, வழவழப்பாக, வலியில்லாமல் இருக்கும். சாதாரணமாக இரண்டு பக்கமும் வரும். ஆஸ்த்மா உள்ளவர்களுக்கு அதிகம். அவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிட்டால் மூச்சுத் திணறல் வந்துவிடும், ஆகவே ஆஸ்த்மாவும் மூக்குச் சதையும் சேர்ந்திருப்பவர்கள் கடையில் வலி மாத்திரை வாங்குமுன் கேட்டு வாங்க வேண்டும். இந்தச் சதை புற்றுநோய் அல்ல. ஸ்பிரே மருந்தில் சுருங்கும், சுருங்காவிட்டால் மூக்கு வழியாகவே கருவி விட்டு எடுப்பார்கள். வெளியே தழும்பு இராது. எடுத்த பிறகும் திரும்ப வளரக்கூடும் என்பதால் மருந்தை நிறுத்தக்கூடாது. மூக்கில் ஆசிட் வைத்துச் சுட்டு எடுக்கிறேன் என்று வருகிற ஊர் சுற்றும் வைத்தியரிடம் தலையைக் கொடுக்காதீர்கள்.

சிவந்து, செம்புற்றுப் பழம் போல் சொரசொரப்பாக, தொட்டால் ரத்தம் வருகிற சதை வேறு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளத்தில் குளித்துப் பழகியவர்களுக்கு வரும் ஒரு வகைக் கிருமியால் அது வளரும். அங்கிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார்களுக்கு இருக்கலாம். அதையும் அறுவை செய்து எடுக்கலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சீழ் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உள்ளே எதையோ திணித்திருக்கிறார்கள் என்பதைத்தான். பாசிமணி, புளியங்கொட்டை, அழிரப்பர் துண்டு, பஞ்சு. கொண்டை ஊசி விட்டுத் தோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போகும். பொத்தான் போன்ற சின்ன பேட்டரியாக இருந்தால் ராத்திரி என்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில மணி நேரத்தில் மூக்குத் தண்டையே அரித்துவிடும்.

ரத்தம் வந்தால்

மூக்கில் ரத்தம் வந்தால் நாம் எல்லாரும் செய்வது தலையை அண்ணாந்து பார்ப்பது. அது தவறு. ரத்தம் தொண்டைக்குள் போய் வாந்தி வரும். உட்கார்ந்து, முன்னால் குனிந்து, மூக்கின் மெதுவான பகுதியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, வாயால் மூச்சு விட்டு, பத்துப் பதினைந்து நிமிஷம் கையை எடுக்காமல் இருங்கள். நடு நடுவே எடுத்துப் பார்த்தால் நிற்காது. அரை மணி ஆகியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு மூக்கிலோ ஈறிலோ ரத்தம் என்றால் டெங்கி என்று எண்ணி உடனே போக வேண்டும்.

மருந்தடிக்கும் பெண்களுக்கு இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாராகுவாட் களைக்கொல்லி அடித்த காலத்தில் நகம் கறுத்து விழுவதும் மூக்கில் ரத்தம் வடிவதும் நம் அக்கா தங்கைகள் பலர் கண்டதுதான். அந்த மருந்தை நிறுத்துவதாக 2002இல் அரசாங்கம் சொல்லி, 2006இல் திரும்ப அனுமதித்து, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் நம் நாட்டில் முழுத்தடை வந்தது. தடை வந்ததால் மற்ற மருந்துகள் பன்னீராகி விடவில்லை. காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். மருந்தடிக்கும் நாளில் மூக்கில் ரத்தம் வந்தால் மண்டோரிடம் சொல்லுங்கள், கிளினிக்கில் எந்த மருந்து அடித்தோம் என்று பெயரோடு சொல்லுங்கள். "வெள்ளை கேன்ல இருந்த மருந்து" என்றால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது.

சளி அல்லாத சளி

மூக்கிலும் கன்னத்து அறையிலும் புற்றுநோய் வருவது அபூர்வம். ஆனால் வந்தால் அது சளி வேஷம் போட்டுக்கொண்டுதான் வரும். அந்த அறை காலியாக இருப்பதால் உள்ளே கட்டி நிதானமாக வளர இடம் இருக்கிறது, வலியும் தராது. சுவரைத் தொட்ட பிறகுதான் அடையாளம் காட்டும். ஒரே பக்கம் அடைப்பு, ஒரே பக்கம் ரத்தம் கலந்த சளி, ஒரு கன்னம் மட்டும் மரத்துப் போதல் அல்லது புடைத்தல், மேல் பற்கள் ஆடுதல், நன்றாக உட்கார்ந்த பல்செட் திடீரென்று பொருந்தாமல் போதல், ஒரு கண் முன்னால் தள்ளுதல். இவற்றில் ஏதாவது ஒன்று மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் எழுத்து வாங்கிக்கொண்டு காது, மூக்கு, தொண்டை பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருக்கும் சதையிலும் எல்லாம் புற்று அல்ல. ஆனால் துணுக்கு எடுத்துப் பார்க்காமல் எந்த டாக்டராலும் அதைச் சொல்ல முடியாது.

இந்த நோய்க்கு ஒரு தொழிலாளர் கதை உண்டு. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பேர் போனது. 1960களில் அங்கே காது, மூக்கு டாக்டராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்ட் அம்மையார், வேறெங்கும் அபூர்வமாக இருக்கும் சைனஸ் புற்றுநோய் தன்னிடம் வரும் தச்சுத் தொழிலாளர்களுக்கு மட்டும் இத்தனை பேருக்கு ஏன் வருகிறது என்று கவனித்தார். அவரும் மற்ற டாக்டர்களும் ஆராய்ந்ததில் காரணம் மரத்தூள் என்று தெரிந்தது. பின்னால் அது பிரிட்டனில் தொழில் நோயாகவே ஏற்கப்பட்டது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் 1995இல் அறிவித்தது. நம் பிள்ளைகள் பலர் இன்று தோட்டத்தை விட்டு மூவாரிலும் மற்ற இடங்களிலும் நாற்காலி மேசைத் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். தூள் இழுக்கும் மிஷின் ஓடுகிறதா, முகமூடி கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். இந்த வியாதி வர இருபது முப்பது வருஷமும் ஆகலாம், அதற்குள் ஆள் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஆகவே டாக்டர் "என்ன வேலை?" என்று கேட்டால் இன்றைய வேலையை மட்டும் சொல்லாமல் பழைய வேலைகளையும் வருஷத்தோடு சொல்லி எழுத வையுங்கள். சொக்சோவில் தொழில் நோய் என்று கேட்க நேர்ந்தால் அந்த எழுத்துதான் பேசும்.

மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே வரும் புற்றுநோய் நம் நாட்டில் அதிகம். சீனர்களுக்கும் சரவாக்கின் பிடாயு மக்களுக்கும்தான் கூடுதலாக வருகிறது, இந்தியர்களுக்குக் குறைவு. குறைவே தவிர இல்லை என்பதில்லை. இதில் மூக்குக்கு முன்னால் கழுத்துதான் பேசும். காதுக்குக் கீழே கழுத்தில் வலியில்லாத கட்டி, ஒரு காது மட்டும் அடைத்த மாதிரி இருத்தல், காலையில் காறித் துப்பினால் சளியில் ரத்தக் கோடு. கழுத்துக் கட்டிக்குச் சுண்ணாம்பும் மஞ்சளும் பூசிக் காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்தில் பிடித்தால் கதிர் சிகிச்சையிலேயே நன்றாகக் குணமாகிற புற்றுநோய் இது.

தாடை

தாடை வீக்கத்தில் மிகச் சாதாரணமானது சொத்தைப் பல்லின் சீழ். அதைச் சாதாரணம் என்றாலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கீழ்த் தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கெட்டியாக வீங்கி, நாக்கு மேலே தள்ளி, எச்சில் விழுங்க முடியாமல் போனால் மூச்சே அடைபடும். அது ஆம்புலன்ஸ் கூப்பிடும் நேரம்.

வலியில்லாமல் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கும் தாடை வேறு கணக்கு. முளைக்காத பல்லைச் சுற்றியோ, செத்த பல்லின் வேரிலோ நீர்க்கட்டி உண்டாகி எலும்பை உள்ளிருந்தே குடைந்துவிடும். ஒரு எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். கீழ்த் தாடையின் பின்பக்கம் வரும் இன்னொரு கட்டி பெரும்பாலும் வேறிடத்துக்குப் பரவாது, ஆனால் சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்ப வளரும். அதற்காகத்தான் டாக்டர் எலும்பையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்கிறார். அதைக் கேட்டுப் பயந்து ஓடிப்போய் இரண்டு வருஷம் கழித்து வந்தால், எடுக்க வேண்டிய எலும்பு இன்னும் கூடியிருக்கும்.

இனி வெற்றிலை பாக்கு. உங்கள் நடு மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக, முன்பற்களுக்கு இடையில் நெட்டுக்குத்தாக வைத்துப் பாருங்கள். போகிறதா? இரண்டு விரல்தான் போகிறது, கன்னத்தின் உட்புறம் வெளுத்துக் கயிறு போல் தடித்திருக்கிறது, காரம் பட்டால் எரிகிறது என்றால் அது பாக்கு செய்த வேலை. தாடை எலும்பில் கோளாறு இல்லை, கன்னத்துச் சதை நாராக மாறி இறுகிக்கொண்டு வருகிறது. இது பழையபடி முழுக்க மாறாது, பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகாமல் தடுக்கலாம், பயிற்சியாலும் சிகிச்சையாலும் கொஞ்சம் திறக்க வைக்கலாம். இதில் சிலருக்குப் புற்று வரும், ஈறில் வந்தது தாடை எலும்புக்குள் இறங்கும். "நான் பொகையில போடுறது இல்லப்பா, வெறும் வெத்தல பாக்குதான்" என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று அதே ஆய்வு அமைப்பு 2003இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, மிகக் கூடுதல். அரசாங்கப் பல் டாக்டர்கள் தோட்டத்துக்கு வந்து வாயைப் பார்க்கும் நாளில் பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டு அம்மாவும் பாட்டியும் சமையல்கட்டில் நின்றுவிடக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள்

"போனா ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்பதுதான் நம் ஆட்கள் தள்ளிப் போடுவதற்கு உண்மையான காரணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்தில் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு, அதில் மற்ற எம்.சி. நாட்களைக் கழிப்பதில்லை. பல் டாக்டர் கொடுக்கும் எம்.சி.யும் செல்லும். ஒன்று மட்டும், விடுப்பு ஆரம்பித்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் வேலைக்கு வராத நாளாகவே எழுதிவிடுவார்கள். கிராணியிடம் வாயால் சொன்னால் போதாது, எம்.சி.யைக் கொடுத்து ஒரு நகலை வீட்டில் வையுங்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அங்கே எழுத்து வாங்கினால் பெரிய ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டை பிரிவில் தேதி கிடைக்கும். தேதி இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போட்டால் சும்மா திரும்பாமல், எந்தப் பக்கம், எத்தனை வாரம், ரத்தம் உண்டா, கன்னம் மரத்திருக்கிறதா, கழுத்தில் கட்டி உண்டா என்று சொல்லி அந்த எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த நாலு வரி இருந்தால் தேதி முன்னால் வரும். சாப்பிடும் மாத்திரைகளைப் பையோடு கொண்டு போங்கள், பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும்.